கம்ப்யூட்டரிலிருந்து சர்வருக்கு ஃபைல்கள் தானாகப் போக எதை வைப்பது? ஆர்சிங்க், வின்எஸ்சிபி, ஆர்க்ளோன், சின்க்திங்

பெங்களூருவிலிருந்து வரும் கேள்வி ஒன்றுதான். கேட்பவர்கள் மட்டும் வேறு வேறு. பீனியாவில் பட்டறை வைத்திருப்பவருக்கு டாலி கணக்கும் ட்ராயிங்குகளும் தினமும் வெளியே ஒரு சர்வரில் ஏற வேண்டும். அல்சூர் ஸ்டுடியோக்காரருக்கு ஒரு கல்யாணம் முடிந்தால் 30 ஜிபி படங்கள். கோரமங்களாவில் வெப்சைட் செய்பவருக்கு ஃபைலை மாற்றியதும் அது சர்வரில் இருக்க வேண்டும். கையால் இழுத்துப் போடுவது மூவருக்கும் அலுத்துவிட்டது. தலைப்பில் உள்ள நான்கும் இதைத் தானாகச் செய்யும் சாஃப்ட்வேர்கள்.

மூவரும் முதலில் கேட்பது "எது வேகம்?" என்பதை. வேகம் உங்கள் நெட் லைனைப் பொறுத்தது, சாஃப்ட்வேருக்கு அதில் பங்கு குறைவு. அப்லோட் 20 எம்பிபிஎஸ் என்றால் 30 ஜிபி ஏற 3 மணி 20 நிமிடம். 100 எம்பிபிஎஸ் என்றால் 40 நிமிடம். எந்தக் கருவியும் இந்தக் கணக்கைத் தாண்டாது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது டவுன்லோட் வேகமாக இருக்கலாம். அப்லோடைத் தனியாகச் சோதித்துப் பாருங்கள். பல 'அன்லிமிடெட்' திட்டங்களில் மாதத்துக்கு 3300 ஜிபி என்று வரம்பும் உண்டு.

ராத்திரி இரண்டு மணிக்கு வேலை பாதியில் நின்றால் இந்தக் கருவி என்ன செய்யும், அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்பதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

பாதியில் அறுந்தால். சர்வரில் பாதி ஃபைல் முழு ஃபைல் மாதிரி அதே பெயரில் நிற்கக் கூடாது. மறுபடி ஓடும்போது விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் இன்னும் நல்லது.

இங்கே அழித்தால் அங்கே என்ன ஆகும். சிலருக்கு அங்கேயும் அழிய வேண்டும், உதாரணமாக வெப்சைட். கணக்கு வைத்திருப்பவருக்கு அழியவே கூடாது. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குப் பதிவுகளை, அந்த வருடத்தின் ஆண்டு ரிட்டர்னுக்கான கெடுத் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும்.

மாறிய பகுதி மட்டும் போகுமா. 2 ஜிபி ஃபைலில் 5 எம்பி மாறினால் 5 எம்பிதான் போகுமா, முழு 2 ஜிபியும் போகுமா? தினமும் மாறும் பெரிய ஃபைல்களுக்கு இது உயிர்நாடி. ஃபோட்டோக்களுக்கு இதனால் பலனே இல்லை, எல்லாமே புது ஃபைல்கள்.

ஆள் இல்லாமல் ஓடுமா. பாஸ்வேர்டு கேட்டு நிற்காமல், யாரும் லாகின் செய்யாமல், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆன பிறகும்.

சாவி வெளியே போனால். தானாக ஓட வேண்டுமென்றால் ரகசியச் சொல் இல்லாத ஒரு கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக சர்வரில் நுழைய உதவும் ஃபைல்) கம்ப்யூட்டரிலேயே இருக்கும். அது யார் கையிலாவது கிடைத்தால் அவர் சர்வரில் எதுவரை போக முடியும்?

மறைந்திருக்கும் செலவு. பணமும்தான், பராமரிக்கும் நேரமும்தான்.

## ஒரே பார்வையில்

பட்டியலில் வரும் எஸ்எஸ்ஹெச் என்பது சர்வரோடு பாதுகாப்பாக இணையும் வழி, எஸ்எஃப்டிபி அதன் வழியே ஃபைல் அனுப்பும் முறை. எஸ்3 அமேசானின் இணையச் சேமிப்பிடம், ட்ரைவ் கூகுளுடையது. கிரானும் டைமரும் லினக்ஸில், டாஸ்க் ஷெட்யூலர் விண்டோஸில் குறித்த நேரத்துக்கு வேலையை ஓட்டுபவை.

| | ஆர்சிங்க் | வின்எஸ்சிபி | ஆர்க்ளோன் | சின்க்திங் |
|---|---|---|---|---|
| எங்கே வசதி | லினக்ஸ், மேக் | விண்டோஸ் | எதிலும் | எதிலும் |
| எதிர்முனையில் தேவை | எஸ்எஸ்ஹெச், ஆர்சிங்க் | எஸ்எஃப்டிபி போதும் | எஸ்3, ட்ரைவ், எஸ்எஃப்டிபி முதலியவை | அங்கேயும் சின்க்திங் |
| மாறிய பகுதி மட்டும் | ஆம் | இல்லை | இல்லை | ஆம் |
| விட்ட இடத்திலிருந்து | ஆப்ஷன் கொடுத்தால் | பெரும்பாலும் | இல்லை, அந்த ஃபைல் முதலிலிருந்து | ஆம் |
| இங்கே அழித்தால் அங்கே | சொன்னால்தான் அழியும் | சொன்னால்தான் அழியும் | 'காப்பி'யில் அழியாது, 'சிங்க்'கில் அழியும் | அழியும் |
| எப்போது ஓடும் | கிரான், டைமர் | டாஸ்க் ஷெட்யூலர் | எதில் வைத்தாலும் | எப்போதும் |

## ஆர்சிங்க்

1996-இல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மக்கெராஸும் வெளியிட்டது. லினக்ஸ் சர்வர் உங்கள் கையில் இருந்தால், யோசிக்காமல் இதிலிருந்து தொடங்கலாம்.

இரண்டு பக்கமும் ஃபைலைத் துண்டு துண்டாக ஒப்பிட்டு, மாறிய துண்டுகளை மட்டும் அனுப்பும். அனுப்பும்போது சர்வரில் ஒரு தற்காலிகப் பெயரில் எழுதி, முழுவதும் வந்த பிறகே சரியான பெயருக்கு மாற்றும். அதனால் பாதி ஃபைல் வெளியே தெரியாது. நேராக அசல் ஃபைலிலேயே எழுதும் 'இன்ப்ளேஸ்' ஆப்ஷன் போட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும், காரணம் தெரியாமல் அதைத் தொடாதீர்கள். இணைப்பு அறுந்தால் அதுவரை வந்ததை ஆர்சிங்க் தூக்கிப் போட்டுவிடும். 'பார்ஷியல் டிர்' ஆப்ஷன் கொடுத்தால் பத்திரமாக வைத்திருந்து அடுத்த முறை பயன்படுத்தும்.

பெங்களூருவில் அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று. கரண்ட் போகிறது. கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் ஓடுகிறது, ரௌட்டரும் ஓடுகிறது, ஆனால் தெருமுனையில் இருக்கும் நெட் பெட்டிக்குக் கரண்ட் இல்லை. இணைப்பு முறையாக முடியாமல் அந்தரத்தில் தொங்குகிறது. ஆர்சிங்க்கில் டைம்அவுட் இயல்பாக சுழியம், அதாவது முடிவே இல்லாமல் காத்திருக்கும். ஒரே வேலை இரண்டு தடவை ஓடக் கூடாது என்று 'எஃப்லாக்' பூட்டும் போட்டிருப்பீர்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் இப்போது தொங்கும் வேலை பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அடுத்த நாள் வரும் வேலை பூட்டைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போகிறது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. வாரக்கணக்கில் எதுவும் ஏறியிருக்காது, ஒரு எரர் மெயில்கூட வந்திருக்காது. மருந்து எளிது: ஆர்சிங்க்குக்கு 'டைம்அவுட்' 120 வினாடி கொடுங்கள். எஸ்எஸ்ஹெச் அமைப்பில் 'சர்வர் அலைவ் இன்டர்வல்' 30, 'சர்வர் அலைவ் கவுண்ட் மேக்ஸ்' 3 என்று வையுங்கள், 90 வினாடியில் செத்த இணைப்பை அதுவே வெட்டிவிடும். 'பேட்ச் மோட்' போட்டுவிட்டால் பாஸ்வேர்டு கேட்டு நிற்பதற்குப் பதில் தோல்வி என்று சொல்லிவிட்டு வெளியே வரும்.

அடுத்த ஆபத்து 'டெலீட்' ஆப்ஷன். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஏற்றுகிறீர்கள், ஒருநாள் டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை, அதாவது கம்ப்யூட்டரோடு இணையவில்லை. ஃபோல்டர் இருக்கிறது, உள்ளே காலி. ஆர்சிங்க்கின் பார்வையில் நீங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டீர்கள். அதுவும் சர்வரில் எல்லாவற்றையும் அழிக்கும். 'மேக்ஸ் டெலீட்' 50 என்று உச்சவரம்பு வையுங்கள், அல்லது அழிவதையும் மாறுவதையும் 'பேக்கப் டிர்' கொண்டு தேதி போட்ட ஃபோல்டருக்கு ஒதுக்குங்கள். மூலப் பாதையின் கடைசியில் சாய்கோடு இருந்தால் உள்ளே இருப்பவை மட்டும் போகும், இல்லாவிட்டால் ஃபோல்டரோடு போகும். இந்த ஒரு கோடு மாறினால் டெலீட் வேறு இடத்தில் பாயும். முதல் ஓட்டம் எப்போதும் 'ட்ரை ரன்', அதாவது எதையும் மாற்றாத ஒத்திகை.

கிரானில் இரண்டு பொறிகள். கம்ப்யூட்டர் அணைந்திருந்த நேரத்தில் வர வேண்டிய வேலையைக் கிரான் மறந்தே போகும். சிஸ்டம்டி டைமரில் 'பெர்சிஸ்டன்ட்' வைத்தால் ஆன் செய்தவுடன் பிடித்துக்கொள்ளும். கிரான் வரியில் சதவீதக் குறி வந்தால் அது புது வரியாகிவிடும், ஃபைல் பெயரில் தேதி சேர்க்கும் கட்டளைகள் அங்கேதான் உடைகின்றன. அந்தக் கட்டளையைத் தனி ஸ்கிரிப்ட்டில் (கட்டளைகள் எழுதிய ஃபைலில்) வைத்து, கிரானில் ஸ்கிரிப்ட்டை மட்டும் கூப்பிடுங்கள்.

கீ விஷயத்தில் ஆர்சிங்க்குக்கு ஒரு மேலான வசதி உண்டு. சர்வரில் அந்தக் கீக்கு 'ஆர்ஆர்சிங்க்' ஸ்கிரிப்ட்டைக் கட்டாயக் கட்டளையாகப் போட்டு, ஒரே ஒரு ஃபோல்டருக்குள் எழுத மட்டும் அனுமதிக்கலாம். கீ திருடுபோனாலும் திருடியவருக்கு ஷெல் (சர்வரில் கட்டளை கொடுக்கும் வசதி) கிடைக்காது.

பகல் நேரத்தில் ஓட்டினால் 'பிடபிள்யூ லிமிட்' (வேக வரம்பு) அவசியம். அதன் எண் விநாடிக்கு கிலோபைட்டில். 1250 என்றால் சுமார் 10 எம்பிபிஎஸ். இல்லாவிட்டால் அப்லோட் லைனை முழுசாகப் பிடித்துக்கொண்டு வீடியோ கால்களைக் கெடுக்கும். ஃபைலைச் சுருக்கி அனுப்பும் ஆப்ஷன் ஜேபெக், வீடியோ, ஜிப் எதற்கும் பயன்படாது, சிபியுதான் சூடாகும்.

விண்டோஸில் இதற்கு டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) வேண்டும். அங்கே சி ட்ரைவைப் படிப்பது மெதுவாக இருக்கும். டபிள்யூஎஸ்எல் எழுந்திருக்காவிட்டால் அதற்குள் இருக்கும் கிரானும் தூங்கும். விண்டோஸ் மட்டுமே உள்ள ஆபீஸில் இந்தச் சிரமத்துக்குப் பலன் குறைவு என்பது என் கருத்து.

## வின்எஸ்சிபியும் டாஸ்க் ஷெட்யூலரும்

டாலி ஓடும் விண்டோஸ் கம்ப்யூட்டருக்குப் பொருத்தம் இதுவே. முதலில் திரையில் ஒரு முறை கையால் இணைத்துப் பாருங்கள். பிறகு அந்த அமைப்பிலிருந்தே ஸ்கிரிப்ட்டை உருவாக்கித் தரும் வசதி அதிலேயே இருக்கிறது. சர்வரின் அடையாளமான ஹோஸ்ட் கீயும் அந்த ஸ்கிரிப்ட்டில் சேர்ந்தே வரும். அதை எடுத்துவிட்டு 'எதுவானாலும் சரி' என்று போடும் ஆலோசனை இணையத்தில் நிறைய உண்டு. செய்யாதீர்கள், யாருடைய சர்வரோடு பேசுகிறோம் என்பதே தெரியாமல் போகும்.

பெரிய ஃபைலைத் தற்காலிகப் பெயரில் ஏற்றி, முடிந்ததும் பெயர் மாற்றும். மாறிய பகுதியை மட்டும் அனுப்பாது. ஒப்பிடும்போது இயல்பாகத் தேதியை மட்டும் பார்க்கும். அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிவிடுங்கள்.

தகராறு பெரும்பாலும் டாஸ்க் ஷெட்யூலரில்தான். இயல்பு அமைப்பில் யூசர் லாகின் செய்திருந்தால் மட்டுமே வேலை ஓடும். ராத்திரி விண்டோஸ் அப்டேட் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து லாகின் திரையில் நிறுத்திவிட்டால் அன்றைக்கு எதுவும் போகாது. லாகின் இல்லாமலும் ஓடும்படி மாற்றுங்கள். மாற்றியதும் அடுத்த சிக்கல்: இசட் மாதிரி மேப் செய்த ட்ரைவ் எழுத்துகள் அந்த நிலையில் இருக்காது, பகிர்ந்த ஃபோல்டரின் முழு நெட்வொர்க் முகவரியை எழுத வேண்டும். வின்எஸ்சிபியில் சேமித்த செஷன்களும் அந்தந்த யூசருக்கே சொந்தம். வேறு கணக்கில் வேலையை ஓட்டினால் அங்கே அவை இல்லை. 'ஸ்டார்ட் இன்' பெட்டியைக் காலியாக விட்டால் வேலை சிஸ்டம்32 ஃபோல்டரில் நின்று உங்கள் ஃபைல்களைத் தேடும். லேப்டாப்பில் 'சார்ஜரில் இருந்தால் மட்டும்' என்ற டிக் முன்பே போட்டிருக்கும். தவறிய வேலையைப் பிறகு ஓட்டச் சொல்லும் டிக்கை நீங்கள்தான் போட வேண்டும்.

டாலிக்கு ஒரு வார்த்தை. கம்பெனி திறந்திருக்கும்போது டேட்டா ஃபோல்டரை நேராக ஏற்றாதீர்கள். சில ஃபைல்கள் பூட்டியிருக்கும், சிலது பழையது சிலது புதியது என்று கலந்து ஏறும். மீட்கும் நாளில்தான் அது திறக்காது என்று தெரியும். டாலியின் சொந்த பேக்கப்பை ஒரு ஃபோல்டரில் எடுத்து, அந்த ஃபோல்டரை ஏற்றுங்கள். இது எல்லாக் கருவிக்கும் பொருந்தும்.

சர்வர் பழைய எஃப்டிபி மட்டும்தான் தருகிறது என்றால் இன்னொரு வில்லங்கம். பாஸ்வேர்டு அப்படியே திறந்தபடி போகும் என்பது ஒருபுறம். பழைய வகை எஃப்டிபி பட்டியலில் நேர மண்டலம் இருக்காது. சர்வர் உலகப் பொது நேரத்தில், நீங்கள் ஐந்தரை மணி முன்னால். தேதி ஒப்பீடு தவறிப்போய் ஏற வேண்டாதது ஏறும், அல்லது ஏற வேண்டியது நிற்கும். எஸ்எஃப்டிபியில் இந்தத் தொல்லை கிடையாது. எஃப்டிபியைப் பற்றி இதற்குமேல் பேச ஒன்றுமில்லை, ஹோஸ்டிங்கை மாற்றுங்கள்.

## ஆர்க்ளோன்

சொந்த சர்வர் வேண்டாம், எஸ்3 போன்ற இடத்தில் போட்டால் போதும் என்பவருக்கு இதுதான். ஸ்டுடியோக்களுக்கு என் முதல் தேர்வு. ஏறியபின் மாறாத படங்கள், பெரிய அளவு, சர்வரைப் பராமரிக்க ஆள் இல்லை. மூன்றும் சேரும்போது இது பொருந்துகிறது. அமேசானின் மும்பை மண்டலம் 2016-இலும் ஹைதராபாத் மண்டலம் 2022-இலும் வந்தன, தரவு இந்தியாவிலேயே இருக்கும்.

எஸ்3-இல் ஃபைல் முழுவதும் ஏறி முடிந்தால்தான் கண்ணுக்குத் தெரியும், அரைகுறை என்பதே இல்லை. ஆனால் ஆர்க்ளோன் பழைய ஓட்டத்தில் விட்ட ஃபைலைத் தொடராது. 40 ஜிபி வீடியோ 39-இல் அறுந்தால் மறுபடி சுழியத்திலிருந்து. நீளமான வீடியோக்களைத் துண்டுகளாக வைப்பவர்களுக்கு இதில் வலி குறைவு.

'காப்பி'யும் 'சிங்க்'கும் ஒன்றல்ல. 'சிங்க்' அந்தப் பக்கத்தை இந்தப் பக்கம் மாதிரியே ஆக்கும், கூடுதலாக இருப்பதை அழிக்கும். ஸ்டுடியோவுக்கு 'காப்பி' போதும். கார்டிலிருந்து படங்கள் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஏற்றத் தொடங்காமலிருக்க 'மின் ஏஜ்' 15 நிமிடம் கொடுங்கள். பிடபிள்யூ லிமிட்டில் நேர அட்டவணையே எழுதலாம்: காலை 8 முதல் 512 கே, இரவு 11-க்கு மேல் கட்டுப்பாடு இல்லை.

மறைந்த செலவுகள் இதில்தான் அதிகம். ஏற்றுவதற்குக் கட்டணம் இல்லை, இறக்குவதற்கு உண்டு; அமேசானில் மாதம் முதல் 100 ஜிபி இலவசம், அதற்குமேல் ஜிபிக்கு இவ்வளவு என்று. முழு ஆர்கைவையும் ஒருநாள் மீட்க நேர்ந்தால் என்ன பில் வரும் என்று இன்றே கணக்குப் போட்டுப் பாருங்கள். எஸ்3-இன் மலிவான சேமிப்பு வகுப்புகளில் குறைந்தபட்சக் காலம் உண்டு: கிளேசியர் இன்ஸ்டன்ட் ரிட்ரீவல் 90 நாள், டீப் ஆர்கைவ் 180 நாள். முன்பே அழித்தாலும் அந்த நாள்களுக்கான காசு போகும். பாதியில் அறுந்த பெரிய அப்லோடுகளின் துண்டுகள் பட்டியலில் தெரியாமல் உள்ளே கிடந்து காசு தின்னும். 7 நாளில் அவற்றை அழிக்கும் லைஃப்சைக்கிள் விதியை முதல் நாளே போட்டுவிடுங்கள். லட்சக்கணக்கில் சின்ன ஃபைல்கள் இருந்தால், தேதி ஒப்பிடவே ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு விசாரணை போகும், அதற்கும் காசு. மாறாத படங்களுக்கு அளவை மட்டும் ஒப்பிடச் சொன்னால் இது நிற்கும்.

கூகுள் ட்ரைவுக்கு ஏற்றுபவர்கள் சொந்த கிளையன்ட் ஐடி (கூகுளிடம் ஆர்க்ளோனை அடையாளம் காட்டுவது) எடுப்பது நல்லது, பொதுவானதில் நெரிசல். ஆனால் அந்த ஐடியை 'டெஸ்டிங்' நிலையிலேயே விட்டால் 7 நாளில் அனுமதி காலாவதியாகும். முதல் வாரம் நன்றாக ஓடி எட்டாம் நாள் நின்றால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

## சின்க்திங்

இது வேறு ஜாதி. நேரம் வைத்து ஓடுவதில்லை. ஃபைல் மாறினால் சில விநாடிகளில் கிளம்பிவிடும். மாறிய துண்டு மட்டும் போகும், அறுந்தால் தொடரும், பாதி ஃபைல் தெரியாது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் நான்கிலும் நேர்த்தியானது.

ஆனால் இதை பேக்கப் என்று நம்பியவர்கள்தான் அதிகம் ஏமாந்திருக்கிறார்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், அதுவும் உடனே. உங்கள் பக்கம் 'செண்ட் ஒன்லி', சர்வர் பக்கம் 'ரிசீவ் ஒன்லி' என்று வைத்து, சர்வரில் 'ஸ்டேகர்டு' வெர்ஷனிங்கை (பழைய பதிப்புகளைச் சேமிக்கும் வசதியை) இயக்கினால் அழிந்ததும் மாறியதும் ஓராண்டு வரை படிப்படியாகச் சேமிப்பில் இருக்கும். அதற்கு டிஸ்க் இடம் கூடுதலாகத் தேவை. அதைச் செய்யாமல் வைக்காதீர்கள்.

பீனியாவில் ஒரு பட்டறை, ஓசூரில் இன்னொன்று, நடுவில் சர்வரே இல்லை என்பவருக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை. இரண்டு பக்கமும் பொது ஐபி (வெளியிலிருந்து நேராக எட்டும் முகவரி) இல்லாத இணைப்பாக இருந்தால் மட்டும் போக்குவரத்து ரிலே என்ற இடைநிலை சர்வர் வழியாகப் போய் வேகம் படுத்துவிடும். ஏதாவது ஒரு பக்கம் 22000 போர்ட் வெளியே திறந்திருந்தால் சரியாகும்.

## யாருக்கு எது

டாலி உள்ள விண்டோஸ் ஆபீஸ்: வின்எஸ்சிபி, டெலீட் இல்லாமல். லினக்ஸ் கம்ப்யூட்டர், தினமும் மாறும் பெரிய டேட்டாபேஸ்: ஆர்சிங்க். ஆனால் பேக்கப்பை ஜிப் செய்தால் சிறு மாற்றத்துக்கும் முழு ஃபைலும் மாறிவிடும், மாறிய பகுதி மட்டும் அனுப்பும் வித்தை வீண். தினமும் புதுப் பெயர் வைத்தாலும் அப்படியே. புதுப் பெயருக்கு, பெயர் ஒத்த பழைய ஃபைலோடு ஒப்பிடும் 'ஃபஸ்ஸி' ஆப்ஷன் ஓரளவு கைகொடுக்கும். படங்கள்: ஆர்க்ளோன் காப்பி. வெப்சைட்: கிட் (கோடின் பதிப்புகளைப் பதிந்து வைக்கும் கருவி) இருந்தால் அதிலிருந்தே அனுப்புங்கள், இல்லாவிட்டால் டெலீட்டோடு ஆர்சிங்க்.

ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) விஷயத்தில் நான்கும் ஒன்றே. பூட்டிய ஃபைலையும் மாறிய ஃபைல் என்று நினைத்து விசுவாசமாக ஏற்றும். சர்வர் பக்கத்தில் பழைய பதிப்புகள் இருக்க வேண்டும். அவற்றை அழிக்கும் உரிமை உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள கீக்கு இருக்கக் கூடாது.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இரண்டு குறிப்பு. லினக்ஸில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டுக்கு மேல் போக முடியாது, தமிழில் ஒவ்வொரு குறிக்கும் ('க' ஒரு குறி, அதோடு சேரும் ஓகாரம் இன்னொரு குறி) 3 பைட். 'கோ' என்பதற்கே 6. ஆக 85 குறிதான் இடம்; விண்டோஸில் தாராளமாக ஏற்ற நீளப் பெயர் சர்வரில் எரராகும். ஆர்க்ளோனின் 'கிரிப்ட்' (ஃபைலைப் பூட்டி ஏற்றும் வசதி) வைத்துப் பெயரையும் மறைத்தால் வரம்பு இன்னும் சுருங்கும், ஏறத்தாழ 47 குறி. அடுத்தது மேக்: பழைய மேக் டிஸ்க்குகளில் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் இரண்டாகப் பிரிந்து சேமிக்கப்படும். 'கோயில் திருவிழா' என்ற ஃபோல்டர் கண்ணுக்கு ஒன்றாகவும் லினக்ஸுக்கு வேறாகவும் இருக்கும், எல்லாம் இரண்டாவது தடவை ஏறும். ஆர்சிங்க்கின் 'ஐகான்வ்' ஆப்ஷன் இதைச் சரிசெய்யும்.

## வைத்த பிறகு

நின்றுபோனதைச் சொல்ல எரர் மெயிலை நம்ப முடியாது, ஓடாத வேலை மெயில் அனுப்பாது. வேலை வெற்றியாக முடிந்தால் மட்டும் ஹெல்த்செக்ஸ் போன்ற சேவைக்கு ஒரு கூப்பிடு போகட்டும். குறித்த நேரத்துக்குள் அது வராவிட்டால் அந்தச் சேவை உங்களுக்குச் செய்தி அனுப்பும்.

பிறகு ஒரு 2 ஜிபி ஃபைலை ஏற்றவிட்டு நடுவில் லேன் ஒயரைப் பிடுங்குங்கள். ஆர்சிங்க் இரண்டு நிமிடத்துக்குள் தோல்விக் குறியோடு வெளியே வர வேண்டும். சர்வரில் அந்தப் பெயரில் ஃபைல் இருக்கக் கூடாது. ஒயரைச் செருகி மறுபடி ஓட்டினால் எங்கிருந்து தொடர்கிறது என்று லாகில் பாருங்கள். அன்று ராத்திரி கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, லாகின் செய்யாமல் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். காலையில் சர்வரில் நேற்றைய தேதியில் ஃபைல் இருக்கிறதா என்று பார்த்து, அதை வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கித் திறந்து பாருங்கள். டாலி என்றால் ரெஸ்டோர் செய்து கடைசி வவுச்சர் வரை வந்திருக்கிறதா என்று பாருங்கள்.